வீட்டுக்குப் பின்னால் பச்சைக் கோடு: எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போடலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் நார்த் கரோலினாவில், சார்லட் நகரின் தெற்குப் பக்கம், மெக்லன்பர்க் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) வீடு வாங்கி நான்கு வருஷம் ஆகிறது. பேக்யார்டைத் தாண்டினால் கொஞ்சம் மரங்கள், அப்புறம் மக்ஆல்பைன் ஓடையில் போய்ச் சேரும் ஒரு சிற்றோடை. கவுண்டியின் பூங்கா, கிரீன்வே (ஓடையை ஒட்டி நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் போடும் பசுமைப் பாதை) திட்ட வரைபடத்தில் அந்த ஓடையின் மேலேயே பச்சைக் கோடு இழுத்திருக்கிறார்கள். தெருவில் எதிர்ப்பு மனு சுற்றுகிறது, வாட்ஸாப் குழுவில் சண்டை, அடுத்த வாரம் பொதுக்கூட்டம். நிலத்தைப் பிடுங்குவார்களா, திருட்டு வருமா, வீட்டு விலை விழுமா என்று மூன்றும், போகிற போக்கில் கொசுவையும் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் இதற்கெல்லாம் அடியில் நிற்கும் கேள்வி ஒன்றுதான்: பக்கத்து வீட்டுக்காரர் கிளிப்போர்டோடு வந்து கதவைத் தட்டும்போது கையெழுத்துப் போடுவதா, வேண்டாமா?

நான் நார்த் கரோலினாவில் பதினெட்டு வருஷமாக ஓடைக்கரைப் பாதைகளை வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன். அரசு ஊழியன் இல்லை, கவுண்டிகளும் நகராட்சிகளும் கூலிக்கு அமர்த்தும் நிறுவனத்து ஆள். அதாவது எனக்குச் சோறு போடுவது இந்தப் பாதைகள்தான். நான் சொல்வதில் அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள். வக்கீலும் இல்லை, அதனால் சட்டம் பற்றிச் சொல்லும் இடங்களில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கழித்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் கோடு ஏன் உங்கள் வீட்டுக்குப் பின்னால் வந்தது என்று பார்ப்போம். கவுண்டி ஆபீஸில் யாரோ உட்கார்ந்து உங்கள் தெருவைப் பார்த்துப் போட்ட கோடு இல்லை அது. தண்ணீர் போட்ட கோடு. இந்த ஊர் முழுக்க மேடும் பள்ளமும், பள்ளத்தில் எல்லாம் ஓடை, ஓடையின் இரண்டு பக்கமும் வெள்ளம் பரவும் தாழ்நிலம். அங்கே வீடு கட்ட அனுமதி கிடைப்பது கடினம், அதனால் மேலே தெருக்களாகவும் வீடுகளாகவும் நிரம்பிய பிறகும் கீழே நீளவாக்கில் ஒரு துண்டு நிலம் காலியாகவே கிடக்கிறது. நகரத்துக்கு நடுவே பத்து மைல் தொடர்ச்சியாகக் காலி நிலம் வேறு எங்கே கிடைக்கும்? அதனால்தான் கிரீன்வே என்றாலே ஓடைக்கரை. மாநிலத் தலைநகர் ராலேயில் இந்த யோசனை பிறந்ததே இப்படித்தான். வில்லியம் ஃப்ளோர்னாய் என்ற மாணவர் 1972-இல் நகராட்சிக்கு ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தார். அதே 1972-இல் வெள்ள நிலத்தில் திறந்த கிராப்ட்ரீ வேலி மால் அடுத்த வருஷமே தண்ணீரில் மூழ்கியது. 1974-இல் கிரீன்வே திட்டம் அங்கே முறைப்படி நகராட்சியின் கொள்கை ஆனது. இதை நம் ஊர் இஞ்சினியர்களிடம் சொன்னால் உடனே புரியும், ஏரிக்குள் வீடு கட்டிய கதை அவர்களுக்குப் புதிதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு, அதை வரைபடத்தில் யாரும் காட்டுவதில்லை. ஒருநாள் காலையில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு உங்கள் வேலியைத் தாண்டி ஓடைப் பக்கம் இறங்கிப் பாருங்கள். மரங்களுக்கு நடுவே இடுப்பு உயரத்துக்கு சிமென்ட் உருளைகள், மேலே இரும்பு மூடி, சில நூறு அடிக்கு ஒன்றாக நிற்பதைப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். கழிவுநீர்க் குழாயின் மேன்ஹோல்கள் அவை. வெள்ளத்தில் மூழ்கிவிடக் கூடாது என்று உயர்த்திக் கட்டியிருப்பார்கள். கழிவுநீரும் தண்ணீர்தானே, பள்ளத்தைத் தேடித்தான் ஓடும், பம்பு வைத்தால் காலம் முழுக்கச் செலவு. அதனால் பெரிய குழாய்கள் எல்லாம் ஓடையை ஒட்டியே போகின்றன, குழாய்க்கு மேலே மரம் வளர விடாமல் ஒரு பட்டை நிலத்தை வெட்டி வைத்திருப்பார்கள். பாதை போட அதைவிடத் தோதான இடம் கிடையாது. ஆக உங்கள் பேக்யார்டுக்குப் பின்னால் அந்நியர் நடமாட்டம் புதிதாக வரப்போவதில்லை, பராமரிப்பு லாரி ஏற்கெனவே வந்துபோகிறது. நீங்கள் ஆபீஸில் இருக்கும்போது வருவதால் பார்த்திருக்க மாட்டீர்கள்.

சரி, நிலத்தைப் பிடுங்குவார்களா? இங்கே உறுதியாகச் சொல்லக்கூடியது: திட்டத்தில் கோடு இருப்பதால் மட்டும் உங்கள் நிலத்தின் மேல் கவுண்டிக்கு எந்த உரிமையும் வந்துவிடாது. அது ஒரு வழிகாட்டி ஆவணம், சட்டம் இல்லை. அதே அளவு உறுதியாக இன்னொன்றும் சொல்ல வேண்டும்: "கவுண்டி கட்டாயமாக எடுக்கவே முடியாது" என்று கூட்டத்தில் யாராவது ஆறுதல் சொன்னால் நம்பாதீர்கள். மாநிலச் சட்டத்தின் 40ஏ அத்தியாயம் பூங்காவுக்காக நிலம் எடுக்கும் அதிகாரத்தைக் கவுண்டிகளுக்குக் கொடுக்கிறது. இழப்பீடு கொடுத்தாக வேண்டும், தொகை போதாது என்றால் நீங்கள் கோர்ட்டுக்குப் போகலாம். ஆனால் என் அனுபவத்தில் அந்த இடம் வரைக்கும் போவது அபூர்வம். பெரும்பாலான நிலம் வேறு வழியில் வருகிறது. புதிதாக வீட்டுமனை போடும் பில்டர் ஓடைப் பக்கத்தைக் கவுண்டிக்கு எழுதிக் கொடுத்துவிடுவார், அல்லது அது ஹெச்.ஓ.ஏ.வின், அதாவது வீட்டு உரிமையாளர் சங்கத்தின், பொது நிலமாக இருக்கும். மீதிக்குப் பேரம் பேசி விலை கொடுப்பார்கள், அல்லது நிலம் உங்கள் பெயரிலேயே இருக்க, பாதைக்கான ஈஸ்மென்ட், அதாவது அந்த இடத்தைப் பயன்படுத்தும் உரிமை, மட்டும் வாங்கிக்கொள்வார்கள்.

அதனால் கூட்டத்துக்குப் போவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அரைமணி நேரம்கூட ஆகாது. கவுண்டியின் போலாரிஸ் என்ற இணைய வரைபடத்தில் உங்கள் முகவரியைப் போடுங்கள். உங்கள் மனையின் எல்லை எங்கே முடிகிறது, வெள்ளப்பகுதிக் கோடு எங்கே வருகிறது, ஓடையை ஒட்டிய நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பலருக்கு இந்த இடத்திலேயே பாதிக் கவலை தீர்ந்துவிடும், ஏனென்றால் "என் நிலம்" என்று புல் வெட்டிக்கொண்டிருந்த கடைசி நாற்பது அடி ஹெச்.ஓ.ஏ.வுடையதாக இருக்கும். சிலருக்குக் கவலை கூடும், அதுவும் நடக்கும். பிறகு வீடு வாங்கியபோது கொடுத்த மனைப் படத்தைத் தேடி எடுங்கள். அதில் ஈஸ்மென்ட் என்று போட்டிருந்தால் எதற்கான ஈஸ்மென்ட் என்று வார்த்தை வார்த்தையாகப் படிக்க வேண்டும். கழிவுநீர்க் குழாய்க்காக மட்டும் கொடுத்த ஈஸ்மென்ட், ஊர் மக்கள் நடக்கும் பாதைக்குச் செல்லும் என்று யாரும் எடுத்துக்கொள்ள முடியாது, அதற்குத் தனி உரிமை வேண்டும். மனையில் கிரீன்வே ஈஸ்மென்ட் என்றே எழுதியிருந்தால் பேச்சு வேறு: அது உங்களுக்கு முன்னால் இருந்தவரோ பில்டரோ எப்போதோ கொடுத்துவிட்டது. இந்த இடத்தில் குழப்பம் இருந்தால் சொத்து வக்கீல் ஒருவருக்கு ஒரு மணி நேரக் கட்டணம் கொடுப்பது வீண் போகாது.

இன்னொரு விஷயம், தெருக்காரர்கள் இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். இந்தக் கவுண்டியில் ஓடைக்கரையை ஒட்டி விட்டாக வேண்டிய இடைவெளிக்குத் தனி விதி உண்டு. ஓடைக்கு எவ்வளவு பரப்பிலிருந்து தண்ணீர் வருகிறது என்பதைப் பொறுத்து 35, 50, 100 அடி என்று அது மாறும். கிரீன்வே வராவிட்டாலும் அந்த இடத்தில் நீங்கள் நீச்சல்குளம் கட்டப் போவதில்லை.

வெள்ளம் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன், ஏனென்றால் மெக்லன்பர்க்கில் நான் மனதார மெச்சும் வேலை இது. 1995-இலும் 1997-இலும் இங்கே மோசமான வெள்ளங்கள் வந்தன. அதற்குப் பிறகு 1999-இலிருந்து, அடிக்கடி மூழ்கும் வீடுகளை உரிமையாளர் சம்மதத்தோடு விலை கொடுத்து வாங்கி இடித்துவிடும் ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். இதுவரை 400-க்கும் மேற்பட்ட கட்டடங்களை அப்படி எடுத்திருக்கிறார்கள். மத்திய அரசின் பேரிடர் அமைப்பான ஃபீமாவின் பணத்தில் வாங்கிய நிலம் என்றால் அதில் ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டே வரும், அந்த இடம் எக்காலத்துக்கும் திறந்தவெளியாகவே இருக்க வேண்டும். அங்கே மறுபடி வீடு கட்டி விற்க முடியாது. பூங்காவுக்கோ பாதைக்கோ விடலாம். லிட்டில் சுகர் ஓடை இன்னும் நல்ல உதாரணம். நகரின் நடுவே, மிட்டவுன் மால் இருந்த பக்கத்தில், அந்த ஓடையின் மேல் கான்கிரீட் போட்டு மூடி கார் நிறுத்தினார்கள். பிற்பாடு அந்த மூடியை உடைத்து எடுத்துவிட்டு, ஓடையை வெளியே கொண்டுவந்து, கரையில் பாதை போட்டார்கள். இப்போது அங்கே மாலை நேரம் போய்ப் பாருங்கள், ஸ்ட்ரோலர் தள்ளுகிறவர்களுக்கு நடுவே நமக்கு இடம் கிடைப்பது கஷ்டம்.

ஆனால் அந்தப் பாதையைக் காட்டி "பாருங்கள், எல்லாப் பாதையும் இப்படித்தான் வரும்" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள். திட்டம் என்பது ஒன்று, பணம் என்பது வேறொன்று. மெக்லன்பர்க்கின் முதல் கிரீன்வே திட்டம் 1980-இல் வந்தது. 1999-இல் அதைத் திருத்தி, 35 ஓடைகளையொட்டி 185 மைல் என்று வரைந்தார்கள். 2008 நவம்பரில் பூங்காக்களுக்காக 250 மில்லியன் டாலர் பாண்டுக்கு வாக்காளர்கள் சம்மதம் கொடுத்தார்கள், அதாவது அவ்வளவு கடன் வாங்கிச் செலவழிக்கலாம் என்று. கொடுத்த கையோடு பொருளாதாரம் படுத்தது, கவுண்டி கடன் வாங்குவதையே நிறுத்தி வைத்தது, வேலைகள் வருஷக்கணக்கில் தள்ளிப் போயின. நகராட்சியும் கவுண்டியும் சேர்ந்து போடும் கிராஸ் சார்லட் டிரெயில் கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஊரின் தெற்கு எல்லையிலிருந்து வடகிழக்கு எல்லை வரை 26 மைல் என்று அறிவித்து, இரண்டு முறை பாண்டில் பணமும் வாங்கிய பிறகு, 2019 ஜனவரியில்தான் அதை முடிக்க இன்னும் 77 மில்லியன் டாலர் வேண்டும் என்று வெளியே வந்தது. நகர மன்றத்தில் பெரிய கோபம். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அதில் ஆச்சரியம் இல்லை. தார்ப்பாதை மலிவு, ஓடைக்கு மேலே பாலமும் சதுப்பில் மரப்பலகை நடைமேடையும் மலிவு இல்லை, நிலத்து விலையோ வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போகிறது, அதையெல்லாம் பத்து வருஷத்துக்கு முன் போட்ட மதிப்பீட்டில் அடக்கினால் இப்படித்தான் வெடிக்கும்.

இப்போதைய திட்டம் 2021-இல் வந்த "மெக் பிளேபுக்". அதில் உங்கள் ஓடை எந்த முன்னுரிமையில் இருக்கிறது, அதற்கு வரும் ஐந்து வருஷத்தின் மூலதன பட்ஜெட்டில் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று கூட்டத்தில் நேரடியாகக் கேளுங்கள். ஒதுக்கவில்லை என்றால் உங்கள் தெரு சண்டை போடுவது உங்கள் பிள்ளை காலேஜ் போகும்போது வரக்கூடிய ஒன்றைப் பற்றி. கவுண்டி என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கும் காரணம் உண்டு. 1992-இலிருந்து நகரத்துக்குள் இருக்கும் பூங்காக்களும் கவுண்டியிடம்தான், அதனால் சிட்டி கவுன்சில் உறுப்பினருக்கு மனு அனுப்பிப் பெரிய பயன் இல்லை. ஒன்பது கவுண்டி கமிஷனர்கள் இருக்கிறார்கள், ஆறு பேர் தொகுதிக்கு ஒருவர், மூன்று பேர் மொத்தக் கவுண்டிக்கும் பொது. உங்கள் தொகுதிக்காரர், அந்த மூவர், ஆக நான்கு பேர் உங்கள் வோட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

அவர்கள் மனது மாறுமா என்றால், மாறும். ராலே இருக்கும் வேக் கவுண்டியில், ஃபுக்வே வரீனா என்ற ஊர் அருகே மூடிக்கிடந்த ஒரு கோல்ஃப் மைதானத்தைப் பூங்காவாக்க கவுண்டி முடிவு செய்தது. பள்ளிக்கூடங்களுக்குப் பணம் போதாமல் இருக்கும்போது, மைதானத்தைச் சுற்றி வீடு வைத்திருக்கிறவர்களுக்காகவா இந்தச் செலவு என்று எதிர்த்தரப்பு கேட்டது. தெற்குப் பக்கம் பூங்காவே இல்லையே என்று ஆதரவுத் தரப்பு கேட்டது. இரண்டும் நியாயமான கேள்விதான். 2018 தேர்தலில் கமிஷனர்கள் சிலர் மாறினார்கள், புதிய குழு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அதே 2018 நவம்பரில்தான் அந்தக் கவுண்டி மக்கள் பூங்கா, கிரீன்வே, திறந்தவெளிக்காக 120 மில்லியன் டாலர் பாண்டுக்குப் பெரிய வித்தியாசத்தில் ஆதரவு கொடுத்தார்கள். பூங்கா வேண்டும் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை, எங்கே, யாருக்கு முதலில் என்பதில்தான்.

அடுத்து திருட்டும் வீட்டு விலையும். இரண்டிலும் எது நிச்சயம், எது இழுபறி என்று பிரித்துச் சொல்கிறேன். பாதைகளை ஒட்டிய வீடுகளில் மற்ற வீடுகளைவிடத் திருட்டு அதிகம் என்று பல ஊர்களில் நடந்த ஆய்வுகள் காட்டவில்லை. தொலைக்காட்சிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கரையில் ஒன்றரை மைல் நடக்கிற திருடனை நானும் இதுவரை கேள்விப்பட்டதில்லை, அவன் வழக்கம்போல் தெரு வழியாக வண்டியில்தான் வருகிறான். ஆனால் அவை எல்லாம் சராசரிகள், உங்கள் தெருவுக்கான ஜாதகம் இல்லை. நான் நேரில் கண்ட உண்மையான தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது: பாதை தொடங்கும் இடத்துக் கார் நிறுத்தம். நடக்கப் போகிறவர்கள் கைப்பையைச் சீட்டில் வைத்துவிட்டுப் போவார்கள், கண்ணாடியை உடைத்து எடுத்துவிடுகிறார்கள். ஆக உங்கள் தெரு முனையில் கார் நிறுத்தம் வருகிறதா, அல்லது நடந்து நுழையும் சின்ன வழி மட்டும்தானா என்பது, பாதை வருகிறதா என்பதைவிட உங்களுக்கு முக்கியம். அந்தக் கேள்வியைக் கூட்டத்தில் கேட்பவர் அநேகமாக ஒருவர்கூட இருக்க மாட்டார்.

வீட்டு விலை விஷயத்தில், ரியல் எஸ்டேட் ஏஜென்ட் சொல்வதும் எதிர்ப்பு மனு சொல்வதும் இரண்டுமே மிகை. இண்டியானாபோலிஸில் மோனன் டிரெயிலை ஒட்டி நடந்த ஆய்வு பரவலாக மேற்கோள் காட்டப்படும், அங்கே பாதைக்கு அருகில் இருக்கும் வீடுகளுக்கு விலை கூடுதலாகவே இருந்தது. ஆனால் அதே ஊரின் மற்றப் பாதைகளில் அந்த அளவு விளைவு தெரியவில்லை. மேலும் "அருகில்" என்று இந்த ஆய்வுகள் சொல்வது பெரும்பாலும் அரை மைல் சுற்றளவு. அரை மைல் தள்ளி இருப்பவருக்கு லாபம் மட்டும்தான். வேலியை ஒட்டிப் பாதை போகிறவருக்கு லாபத்தோடு ஒரு நஷ்டமும் உண்டு, அந்தரங்கம் போகிறது. இரண்டையும் கழித்துக் கூட்டினால் என்ன மிஞ்சும் என்பது வேலிக்கும் பாதைக்கும் எத்தனை அடி, நடுவில் என்ன மரம், பாதை உங்கள் தரைமட்டத்துக்கு மேலேயா கீழேயா என்பதைப் பொறுத்தது. எந்த ஆய்வும் அதை உங்களுக்குச் சொல்லாது.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், ஊர் பேர் வேண்டாம். ரிட்டயர் ஆன அம்மா ஒருவர், தனியாக இருப்பவர். கூட்டம் நடந்த பள்ளிக்கூடக் கஃபடீரியாவில் மேஜை மேல் நீளமான வரைபடம் விரித்திருந்தோம், பிடித்த இடத்தில் பச்சைப் பொட்டு, பிடிக்காத இடத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டச் சொன்னோம். அவர் ஒரு தாள் முழுக்கச் சிவப்புப் பொட்டை எடுத்து, தன் வீடு எது என்றே தெரியாத அளவுக்கு அதன்மேல் ஒட்டிவிட்டுப் போய்விட்டார். மறுவாரம் நான் அவர் வீட்டுக்குப் போனேன். பிரச்சினை என்னவென்று கேட்டால், "பாத்திரம் கழுவும்போது முன்னால் இருக்கும் ஜன்னல் அது ஒன்றுதான்" என்றார். என் உதவிப் பையன் ஆறடிக் கழியின் நுனியில் ஆரஞ்சு ரிப்பனைக் கட்டிக்கொண்டு, நாங்கள் குறித்து வைத்திருந்த பாதை வழியாக ஓடைப் பக்கம் நடந்தான். நான் அவரோடு சமையலறை சிங்க் அருகில் நின்றேன். ரிப்பன் தெரியும் இடத்தில் எல்லாம் அவர் "தெரிகிறது" என்றார், நான் குறித்துக்கொண்டேன். நவம்பர் மாதம், இலையெல்லாம் கொட்டிவிட்டது, எண்பது அடி நீளத்துக்குத் தெரிந்தது. கோடையில் வந்திருந்தால் ஒன்றுமே தெரிந்திருக்காது, நாங்களும் "மரம் மறைக்கும்" என்று சொல்லிவிட்டு வந்திருப்போம். மேலே கொஞ்ச தூரத்தில் எப்படியும் ஒரு பாலம் வர வேண்டியிருந்தது. அதை 200 அடி முன்னால் தள்ளி, அவர் வீடு வருவதற்குள் பாதையை எதிர்க்கரைக்குக் கொண்டுபோய்விட்டோம். பாதை திறந்த பிறகும் அவருக்கு அது பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் சிங்க் ஜன்னலிலிருந்து யாரும் தெரிவதில்லை.

உங்கள் தெருக்காரர்கள் மனுவில் விட்டுவிட்ட ஒரு நல்ல வாதமும் இருக்கிறது, நான் எடுத்துக் கொடுக்கிறேன். பத்தடிப் பாதை என்று வரைபடத்தில் போடுவோம், ஆனால் பத்தடிப் பாதைக்காக வெட்டுவது பத்தடி மரம் இல்லை. இரண்டு பக்கமும் ஓரம் வேண்டும், மண்ணைச் சமப்படுத்த வேண்டும், இயந்திரம் திரும்ப வேண்டும், ஆக இருபது முப்பது அடிக்கு வெட்டு விழும். பழைய கழிவுநீர்ப் பட்டை மேலேயே பாதை போனால் அந்த வெட்டு ஏற்கெனவே நடந்து முடிந்தது. அதை விட்டு விலகிப் புதிதாகக் காட்டுக்குள் போனால் நிஜமான நஷ்டம். எந்த இடத்தில் விலகுகிறது, ஏன் என்று கேளுங்கள். வெள்ளம் வடிந்த பிறகு பாதை மேல் படியும் சேற்றை யார், எத்தனை நாளில் அள்ளுவார்கள் என்றும் கேளுங்கள். கட்டப் பணம் கிடைப்பதைவிடப் பராமரிக்கப் பணம் கிடைப்பது கஷ்டம், இது எல்லாக் கவுண்டிக்கும் பொருந்தும்.

இன்னொன்று சொல்லாமல் விட மனது வரவில்லை. சார்லட்டில் பூங்கா என்ற சொல்லுக்கே பழைய காயம் ஒன்று உண்டு. இப்போது மார்ஷல் பார்க் இருக்கும் பகுதியும் அதைச் சுற்றிய அரசுக் கட்டடங்களும் ஒரு காலத்தில் புரூக்ளின் என்ற கறுப்பின மக்களின் பேட்டை. தேவாலயங்கள், கடைகள், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்த இடம். 1960-களில் நகரச் சீரமைப்பு என்ற பெயரில் அதை இடித்துத் தள்ளினார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேறின. அதனால் கறுப்பின மக்கள் அதிகம் வாழும் ஊரின் மேற்குப் பக்கத்தில் பூங்காத் திட்டக் கூட்டம் போட்டால், அங்கே எழுந்து நிற்கும் முதியவர் கேட்கும் கேள்வி உங்கள் தெருவில் கேட்கும் கேள்வி இல்லை. நீங்கள் விலை விழுமோ என்று பயப்படுகிறீர்கள், அவர் விலை ஏறுமோ என்று பயப்படுகிறார். 2019-இலும் 2023-இலும் கவுண்டி சொத்து மதிப்பை மறுபடி கணக்கிட்டபோது அவர் பக்கத்து வீடுகளின் மதிப்பு எகிறியது, வரியும் கூடவே. அவர் விற்கப் போவதில்லை, ஏறிய விலையை வைத்து அவருக்கு என்ன லாபம்? நடந்து போகும் தூரத்தில் பூங்கா இருக்கும் மக்கள் சார்லட்டில் பல வருஷம் பாதிக்கும் குறைவாகவே இருந்தார்கள், பெரிய நகரங்களின் பூங்காத் தரவரிசையில் இந்த ஊர் பல வருஷம் கடைசிப் பக்கத்திலேயே கிடந்தது. தெற்கே ஃபோர் மைல், மக்மல்லன் ஓடைகளில் நல்ல பாதைகள் ஏற்கெனவே இருக்கின்றன. உங்கள் துண்டு இன்னும் ஐந்து வருஷம் பொறுக்கலாம், அந்தப் பணம் மேற்கே போகட்டும் என்று உங்கள் தெருவிலிருந்து ஒருவர் எழுந்து சொன்னால் நான் கைதட்டுவேன். ஆனால் அதை உண்மையிலேயே அந்தக் காரணத்துக்காகச் சொல்ல வேண்டும், பேக்யார்டைக் காப்பாற்ற அவர்களைக் கேடயமாகப் பிடிக்கக் கூடாது. மேற்குப் பக்கத்து ஆட்களுக்கு அந்த வித்தியாசம் உடனே தெரிந்துவிடும்.

ஆக, கையெழுத்து. "கிரீன்வே வேண்டவே வேண்டாம்" என்று ஒற்றை வரியில் இருக்கும் மனு என்றால் நான் போட மாட்டேன். அறம் எல்லாம் இருக்கட்டும், முதலில் அது பயன்படாது. கூட்டம் முடிந்ததும் நாங்கள் கருத்துகளைத் தொகுக்கும்போது அந்த நூற்றுப் பத்துக் கையெழுத்தும் "எதிர்ப்பு" என்ற ஒரே வரியாகச் சுருங்கிவிடும். ஆனால் "மேன்ஹோலுக்கும் எங்கள் வேலிக்கும் நடுவே பாதை வரக்கூடாது, ஓடையின் மறுகரை காலியாக இருக்கிறது, தெரு முனையில் கார் நிறுத்தம் வேண்டாம், நுழைவழி மட்டும் போதும்" என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால், அதை வரைபடத்தில் பென்சிலால் குறித்தே ஆக வேண்டும், குறிக்காவிட்டால் ஏன் என்று பதில் எழுத வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரிடம் முகம் முறியாமல் இருக்க வேண்டுமென்றால், மனுவின் வாசகத்தை இப்படி மாற்றினால் போடுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். கூடவே வடிவமைப்பாளரை இலை கொட்டிய பிறகு ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள். கூப்பிட்டால் வருவார்கள், கூப்பிடுகிறவர்கள்தான் குறைவு.

கொசுவை மறக்கவில்லை. பகலிலேயே வந்து கடிக்கும் அந்த வரிக்கால் கொசு ஓடுகிற தண்ணீரில் முட்டை வைப்பதில்லை, தேங்கிய சின்னச் சின்னத் தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். டெக்கில் கறிவேப்பிலைத் தொட்டிக்கு அடியில் வைத்திருக்கும் தட்டை வாரம் ஒருமுறை கவிழ்த்துவிடுங்கள்.